கதவு உரசுகிறதா, தரை அமுங்குகிறதா: பார்க் ஹோம் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் வழி

பிரிட்டனில் பணி ஓய்வு பெற்ற பலர் பெரிய வீட்டை விற்றுவிட்டு சசெக்ஸ், எசெக்ஸ், டார்செட் பக்கம் ஒரு பார்க் ஹோம் வாங்கிக் குடிபோகிறார்கள். அப்படி வாங்கியிருக்கிற, அல்லது வாங்கலாமா என்று யோசிக்கிற தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். செங்கல் வீட்டில் முப்பது வருடம் இருந்து பழகிய அனுபவம் இங்கே பாதிதான் கைகொடுக்கும்.

பார்த்தால் மாடியில்லாத சின்ன பங்களா மாதிரிதான் இருக்கும். ஆனால் சட்டப்படி அது ஒரு கேரவன். தொழிற்சாலையில் செய்து, முழுதாகவோ இரண்டு பாதிகளாகவோ லாரியில் கொண்டுவந்து இறக்கியது. அடியில் இரும்புச் சேஸிஸ், அதன்மேல் மரச்சட்டத்தில் தரையும் சுவரும், சுவருக்கு வெளியே ப்ளைவுட், ப்ளைவுட்டின் மேல் சொரசொரப்பான பூச்சு. சேஸிஸை வரிசையாக ஜாக்குகள் தாங்குகின்றன. ஜாக்குகள் கான்கிரீட் தளத்தில் நிற்கின்றன. தளத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் ஊர்ந்துபோகிற அளவுக்குக் காலியிடம். அதைச் சுற்றிச் செங்கல்லாலோ பலகையாலோ ஸ்கர்ட்டிங் கட்டி மறைத்திருப்பார்கள்.

அந்தக் காலியிடத்தில்தான் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கேஸ் லைன் எல்லாம் ஓடுகின்றன. வீட்டுக்குள்ளே தெரிகிற கோளாறுகளில் பாதிக்கு மேல் கீழேதான் தொடங்குகின்றன என்பது என் கணிப்பு. அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால், ஸ்கர்ட்டிங்கில் உள்ள சின்னக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். திறக்கிற மாதிரி கதவே இல்லையென்றால் முதல் வேலையாக ஒன்று வைத்துவிடுங்கள்.

கீழே போவதற்கு முன் செலவு யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1983ஆம் ஆண்டு மொபைல் ஹோம்ஸ் சட்டத்தின் கீழ் வரும் சைட்டுகளில், அதாவது பார்க் ஹோம்கள் வரிசையாக நிற்கும் வளாகங்களில், வீடு உங்களுடையது, நிலம் சைட் ஓனருடையது. வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. வீடு நிற்கும் தளத்தைப் பழுதுபார்ப்பதும், சைட் ஓனர் கொடுக்கும் தண்ணீர், மின்சாரம், கேஸ், கழிவுநீர் இணைப்புகளைப் பராமரிப்பதும் அவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இந்த வரி தெரியாமல் தளத்துக்கும் தங்கள் கைக்காசைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

## கதவு உரசுகிறது, ஜன்னல் மூடவில்லை

ஒரே ஒரு கதவு, அதுவும் மழைக்காலத்தில் மட்டும் உரசினால் மரம் ஈரத்தில் உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். கோடையில் தானே சரியாகிவிடும். அவசரப்பட்டு இழைப்புளி எடுத்து இழைத்துவிடாதீர்கள், வெயில் வந்ததும் இடைவெளி விழும்.

வீட்டின் ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று கதவுகள் சேர்ந்து உரசுகின்றனவா? கதவின் மேல்பக்க இடைவெளி ஒரு மூலையில் அகலமாகவும் மறுமூலையில் ஒடுக்கமாகவும் இருக்கிறதா? இரண்டு பாதிகள் சேரும் இடத்தில், கூரையின் உட்புறம் கோடு போல விரிசல் ஓடுகிறதா? அப்படியானால் வீட்டின் மட்டம் போயிருக்கிறது. ரசமட்டத்தை எடுத்து ஒவ்வொரு அறையிலும் தரையில் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்து, எந்த மூலை இறங்கியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கீழே போய், அந்த மூலையில் இருக்கும் ஜாக்கைப் பாருங்கள். ஜாக் துருப்பிடித்து இறங்கியிருக்கலாம். ஜாக்குக்கும் சேஸிஸுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் அந்த ஜாக் எதையும் தாங்கவில்லை, பக்கத்து ஜாக்குகள் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கின்றன. இதெல்லாம் உங்கள் செலவு. ஜாக் நன்றாக இருந்து கான்கிரீட் தளமே வெடித்தோ சரிந்தோ இருந்தால் அது சைட் ஓனர் வேலை. எசெக்ஸ், கென்ட் பகுதிகளில் களிமண் பூமி அதிகம். 2022 கோடை மாதிரி மழையே இல்லாமல் காய்ந்தால் களிமண் சுருங்கும், தளமும் அதோடு அசையும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் இன்னும் மோசம். தேதியோடு படம் எடுத்து எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. அவர் அசையவில்லையென்றால், ‘லீஸ்’ (LEASE) என்ற லீஸ்ஹோல்ட் ஆலோசனை அமைப்பு, பார்க் ஹோம் விஷயங்களுக்கும் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. கடைசியில் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவு இருக்கிறது.

மட்டம் சரிசெய்வது வீட்டில் செய்கிற வேலை இல்லை. டன் கணக்கான எடையை ஹைட்ராலிக் ஜாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். வேகமாகத் தூக்கினால் கண்ணாடி வெடிக்கும், குளியலறை டைல்ஸ் விரியும், கீழே கேஸ் குழாய் இழுபடும். தூக்கிக்கொண்டிருக்கும்போது யாரும் அடியில் இருக்கக் கூடாது. இதில் ‘கொஞ்சம்தானே’ என்பதே கிடையாது.

## தரை அமுங்குகிறது

குளியலறை வாசல், வாஷிங் மெஷின் முன்பக்கம், வெளிக்கதவின் உட்புறம் ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் தரை மெத்தை மாதிரி அமுங்கத் தொடங்கும். பழைய வீடுகளில் தரைப்பலகை சிப்போர்டு, மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்தது. ஒருமுறை நனைந்து உப்பினால் அது பழைய நிலைக்குத் திரும்பாது. மேலே புது வினைல் ஒட்டி மறைப்பது பணத்தை வீணாக்குவதுதான்.

தண்ணீர் மேலிருந்து வருகிறதா, கீழிருந்து ஏறுகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் அழுத்தத்தில் இருக்கிற குழாய் எங்கோ கசிகிறது. நகரவில்லையென்றால் ஷவரைச் சந்தேகப்படுங்கள். வடிகாலை அடைத்து ஷவர் தட்டில் தண்ணீர் நிரப்பி அரைமணி விடுங்கள், மட்டம் குறைகிறதா பாருங்கள். அடுத்து வடிகாலைத் திறந்துவிட்டு, கீழே ஒருவர் டார்ச்சோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கடுத்து ஷவரைச் சுவரில் படும்படி திருப்பிவிடுங்கள். எந்தக் கட்டத்தில் கீழே சொட்டுகிறதோ அதுதான் ஓட்டை. மூன்றாவது கட்டத்தில் சொட்டினால் தட்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் சீலன்ட் விட்டிருக்கிறது. பழையதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, ஒரு நாள் காயவிட்டு, புதிது போடுங்கள். பழையதன் மேலேயே புது சீலன்ட் இழுப்பது நிற்காது.

இந்தச் சோதனையில் எதுவும் மாட்டவில்லை, ஆனால் தரையின் அடிப்பக்கம் முழுக்க ஈரமாக, கறுப்பாக இருக்கிறது என்றால் காற்றோட்டம் இல்லை. ஸ்கர்ட்டிங்கைச் சுற்றிலும் காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். அழகுக்காக மண்ணை அணைத்துப் பூச்செடி வைத்திருப்பார்கள், கூழாங்கல் கொட்டியிருப்பார்கள், அல்லது குளிர் வருகிறதே என்று துளைக்குள் துணியைத் திணித்திருப்பார்கள். மண்ணிலிருந்து எழும் ஈரம் வெளியேற வழியில்லாமல் தரை மரத்தில் படிந்துகொண்டே இருக்கும். குளிர்காலத்திலும் துளைகளை அடைக்கக் கூடாது. இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, கேஸ் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

மரச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். இறங்காவிட்டால் பலகையை மட்டும் மாற்றினால் போதும். ஈரம் தாங்கும் ரகப் பலகையாகக் கேட்டு வாங்குங்கள். முனை கேக்கில் இறங்குவதுபோல இறங்கினால் சட்டத்தையும் மாற்ற வேண்டியிருக்கும், தச்சரைக் கூப்பிடுங்கள்.

## ஜன்னலில் தண்ணீர் வழிகிறது, மூலையில் கரும்பூஞ்சை

நம் வீடுகளில் இது கொஞ்சம் அதிகமாகவே வரும். காரணம் சமையல். சோறு வடிக்கிறோம், இட்லி அவிக்கிறோம், ரசம் கொதிக்கிறது. குளிர்காலத்தில் துணியை ரேடியேட்டரில் காயப்போடுகிறோம். சின்ன வீட்டில் அவ்வளவு ஆவியும் எங்கே போகும்? அறை 20 டிகிரியில் இருந்து ஈரப்பதம் 60 சதவீதமாக இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் ஆவி தண்ணீராகப் படியும். ஜனவரியில் பழைய பார்க் ஹோமின் வெளிச்சுவர் மூலை அதைவிடக் குளிர்ந்திருக்கும். அலமாரிக்குப் பின்னால் கேட்கவே வேண்டாம்.

ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி வையுங்கள், பத்துப் பதினைந்து பவுண்டுக்குள் கிடைக்கும். 60க்குக் கீழே வைத்திருப்பது இலக்கு. சமைக்கும்போது மூடி போட்டு, எக்ஸ்ட்ராக்டரை ஓடவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்துங்கள். குளித்து முடித்த பிறகும் மின்விசிறி கால்மணி நேரம் ஓடட்டும். அந்த எக்ஸ்ட்ராக்டர் காற்றை உண்மையிலேயே வெளியே தள்ளுகிறதா என்றும் பாருங்கள். பல அடுப்பு ஹூடுகள் கரி வடிகட்டி வழியாகக் காற்றைத் திரும்பச் சமையலறைக்கே விடுபவை. ஆவிக்கு அவை எந்தப் பயனும் இல்லை. வெளிச்சுவரோரம் உள்ள அலமாரி, கட்டிலை ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். காலையில் ஒரு மணி நேரம் ஹீட்டரைக் கொளுத்திவிட்டு மீதி நேரம் அணைத்து வைப்பதைவிட, குறைந்த சூட்டில் தொடர்ந்து ஓடவிடுவது சுவரைக் காப்பாற்றும்.

சக்கரம் வைத்த கேஸ் ஹீட்டரை உருட்டிக்கொண்டு அறை அறையாகப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பியூட்டேன் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. 15 கிலோ சிலிண்டர் முழுதும் எரிந்து தீர்ந்தால் 23 லிட்டர் தண்ணீர் ஆவியாக வீட்டுக்குள் வந்திருக்கும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. அதைத் தூக்கி வெளியே வையுங்கள்.

படிவது அறையின் ஆவியா, சுவருக்குள்ளிருந்து வரும் ஈரமா என்று சந்தேகமாக இருந்தால், சுவரைத் துடைத்துக் காயவைத்து, அலுமினியத் தாள் ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் ஈரமென்றால் ஆவி. சுவர்ப்பக்கம் ஈரமென்றால் அடுத்த பகுதி உங்களுக்கானது.

ஜன்னலின் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் மூட்டமாக இருந்தால் அது வேறு. இரண்டு கண்ணாடிகளையும் விளிம்பில் காற்றுப் புகாமல் ஒட்டியிருக்கும் சீல் போய்விட்டது. கண்ணாடி ஜோடியை மட்டும் மாற்றலாம். ஜன்னலையே மாற்றச் சொல்கிறவரிடம் காரணம் கேளுங்கள்.

## மழை பெய்ததும் சுவரில் கறை

காற்றோடு சேர்ந்த மழைக்கு மட்டும் கறை வருகிறதா, எந்த மழைக்கும் வருகிறதா என்று முதலில் கவனியுங்கள். காற்று மழைக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் சுவர் அல்லது ஜன்னல் ஓரம். எந்த மழைக்கும் என்றால் கூரை, அல்லது கூரை ஓரத்தில் ஓடும் மழைநீர் வாய்க்கால் (கட்டர்).

மழைநீர் வாய்க்காலில் தொடங்குங்கள். செலவில்லாத காரணம் அதுதான். இலையும் பாசியும் அடைத்துத் தண்ணீர் பின்பக்கமாகச் சுவருக்குள் இறங்கும். ஏணியை வாய்க்காலின் மேல் சாய்க்காதீர்கள், அது உங்கள் எடையைத் தாங்காது. அடுத்து ஜன்னல். யுபிவிசி சட்டத்தின் கீழ் வெளிப்பக்கம் சிறு துவாரங்கள் இருக்கும். சட்டத்துக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அது. பெயின்ட் அடிக்கிறவர் அதையும் சேர்த்து அடைத்துவிட்டுப் போயிருப்பார். ஒரு கம்பியால் குத்தித் திறங்கள்.

பிறகு சுவர்ப் பூச்சு. ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும், தலைமுடி போல மெல்லிய விரிசல்களைத் தேடுங்கள். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் பொத்தென்று மாறுகிற இடத்தில் பூச்சு ப்ளைவுட்டை விட்டுவிட்டது, அல்லது ப்ளைவுட்டே ஊறிப்போயிருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் குழாய்த் தண்ணீரால் சோதிக்கலாம். கீழிருந்து மேலாகப் போக வேண்டும், ஒவ்வொரு இடத்துக்கும் பத்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எது ஓட்டை என்றே தெரியாது.

மெல்லிய விரிசலை நெகிழ்வான நிரப்பியால் அடைத்துப் பெயின்ட் அடித்தால் போதும். ஊறிய ப்ளைவுட்டை வெட்டியெடுத்து, உள்ளே நன்றாகக் காயவிட்டு, புதுத் துண்டு வைத்து மறுபூச்சு போட வேண்டும். காயவிடாமல் மூடினால் ஒரே வருடத்தில் அதே இடம் மறுபடி போகும். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை முழு வீட்டுக்கும் வெளிப்பெயின்ட் அடிப்பது செலவில்லை, சேமிப்பு. பெயின்ட் ஆவியை வெளியே விடும் ரகமாக இருக்க வேண்டும். ‘முழுக்க வாட்டர்ப்ரூஃப்’ என்று விற்கப்படும் பூச்சுகள் உள்ளே இருக்கும் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

சுவரில் துளை போட்டு உள்ளே ஃபோம் நிரப்பினால் கதகதப்பாக இருக்கும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இது செங்கல் சுவர் இல்லை. மரச்சட்டத்தைச் சுற்றிக் காற்று ஓட வேண்டிய இடத்தை அடைத்தால் மரம் அழுகும், வெளியே தெரிவதற்குள் காலம் கடந்திருக்கும். சுவரின் வெளிப்பக்கம் காப்புப் பலகை ஒட்டிப் பூசுவது நல்ல வழி, ஆனால் விலை அதிகம். வீடும் சில அங்குலம் அகலமாகும். பக்கத்து வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் பொதுவாக 6 மீட்டர் இடைவெளி எதிர்பார்க்கப்படுகிறது, தீ பரவாமல் இருக்க. அதனால் சைட் ஓனரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

கூரைக்கு வந்தால், கறை இருக்கும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் சட்டத்தின் வழியாக ஓடி வேறெங்கோ இறங்கும். இரண்டு பாதிகள் சேரும் உச்சி மூடியையும், குழாய்கள் கூரையைத் துளைத்து வெளியேறும் இடங்களையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கூரையை மாற்றும் நிலை வந்தால் எடை குறைந்த உலோக ஓடுதான். சாதாரண கான்கிரீட் ஓட்டின் எடைக்கு இந்தச் சேஸிஸ் கணக்கிடப்படவில்லை.

## உறைபனிக் காலை, குழாயில் தண்ணீர் இல்லை

முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் சைட்டின் பிரச்சினை. அவர்களுக்கு வருகிறது, உங்களுக்கு ஒரு குழாயில்கூட இல்லையென்றால், மண்ணிலிருந்து வீட்டுக்கு ஏறும் குழாய் காலியிடத்தில் உறைந்திருக்கிறது. 2010 டிசம்பரிலும் 2018 பிப்ரவரி கடைசியில் வந்த கிழக்குக் குளிரிலும் சைட் சைட்டாக இதுதான் கதை.

எதையும் சூடாக்குவதற்கு முன்னால் ஸ்டாப்காக்கை, அதாவது வீட்டுக்குள் வரும் தண்ணீரை நிறுத்தும் வால்வை, மூடுங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள். பனிக்கட்டியே ஒரு அடைப்பு என்பதால் குழாய் வெடித்திருந்தாலும் உருகும்வரை தெரியாது. உருகிய பிறகு தெரிந்தால் தரை காப்புப் பஞ்செல்லாம் நனைந்திருக்கும். மூடிவிட்டு, ஒரு குழாயைத் திறந்து வைத்து, அந்தக் குழாய்ப் பக்கமிருந்து தொடங்கி ஹேர் டிரையர் அல்லது வெந்நீரில் நனைத்த துண்டால் சூடாக்கிக்கொண்டே வாருங்கள். ஈரமான இடத்தில் ஹேர் டிரையர் வேண்டாம். ஊதுவிளக்கு எந்த இடத்திலும் வேண்டாம், நீங்கள் இருப்பது மரவீட்டின் அடியில்.

தடுக்கும் வழி எளிது. குழாயைச் சுற்றி மின்சாரச் சூடேற்றும் கம்பி ஓட்டி, அதன்மேல் ஃபோம் உறை போட்டு, மூட்டுகளை டேப்பால் சுற்றுவது. பல வீடுகளில் அந்தக் கம்பி இருக்கிறது, ஆனால் அதன் ஸ்விட்ச் அணைந்திருக்கிறது. வெயில் காலத்தில் மின்கட்டணத்தைப் பார்த்து யாரோ அணைத்திருப்பார்கள். அக்டோபரில் அந்த ஸ்விட்சைப் பாருங்கள். டிசம்பரில் பிள்ளைகள் வீட்டுக்கோ ஊருக்கோ கிளம்புவதாக இருந்தால் தண்ணீரை முழுதும் வடித்துவிட்டுப் போங்கள். உங்கள் காப்பீட்டுப் பாலிசி குளிர்காலத்தில் காலியாக இருக்கும் வீட்டுக்கு என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்றும் படித்துவிடுங்கள்.

## பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது

உறைபனி நாளில் இப்படி ஆனால் பத்துக்கு ஏழெட்டுத் தடவை, பாய்லரிலிருந்து வெளியேறும் கழிவுநீர் பிளாஸ்டிக் குழாய் வெளியே உறைந்திருக்கும். வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம். உருகியதும் ரீசெட். மற்ற நாட்களில் நின்றால் அழுத்த மானியைப் பாருங்கள். பாய்லர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். அடிக்கடி இறங்குகிறதென்றால் கசிவு, அதையும் கீழேதான் தேட வேண்டும்.

## அடுப்புத் தீ சிறுத்துவிட்டது, அல்லது கேஸ் வாடை

நிறைய சைட்டுகளில் மெயின் கேஸ் கிடையாது, எல்பிஜிதான். குளிர் நாளில் மட்டும் தீ சிறுத்தால் சிலிண்டரின் நிறத்தைப் பாருங்கள். நீலம் பியூட்டேன், சிவப்பு புரொப்பேன் என்பது பொதுவான வழக்கம். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். ஆனால் சிலிண்டரை மட்டும் மாற்றிவிட முடியாது, ரெகுலேட்டரும் மாற வேண்டும். பியூட்டேனுக்கு 28 மில்லிபார், புரொப்பேனுக்கு 37. ரெகுலேட்டரில் தயாரித்த தேதி அச்சடித்திருக்கும், பத்து வருடம் ஆகியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்து, சிலிண்டர் அல்லது தொட்டியின் மேலுள்ள அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம். மேலே போகாமல் தரைக்கு அடியில் இறங்கித் தேங்கும். ஸ்கர்ட்டிங் துளைகளை அடைக்காதீர்கள் என்றதற்கு இரண்டாவது காரணம் இதுதான். கேஸ் வேலைக்கு வருகிறவரிடம் கேஸ் சேஃப் அட்டையைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எல்பிஜியும், குடியிருக்கும் பார்க் ஹோமும் அதில் குறித்திருக்க வேண்டும். சாதாரண வீட்டு மெயின் கேஸுக்கு மட்டும் தகுதி பெற்றவர் இதைத் தொடக் கூடாது.

## சிங்க் மெதுவாக வடிகிறது

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். நெய்யும் உறையும். உங்கள் சிங்க்குக்குக் கீழே போகும் குழாய் குளிர்ந்த காலியிடத்தில் படுத்திருக்கிறது. இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வாணலியைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். அடைப்பு எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தால், கீழே குழாயைத் தாங்கும் கொக்கி ஒன்று விழுந்து குழாய் நடுவில் தொய்ந்திருக்கும். சாய்வு போனால் தண்ணீர் தேங்கத்தான் செய்யும்.

## மழைநாளில் மின்சாரம் ட்ரிப் ஆகிறது

மழையோடு சேர்ந்தே ட்ரிப் ஆனால் வெளி விளக்கும் தோட்டத்து சாக்கெட்டும்தான் முதல் சந்தேகம். எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு, ட்ரிப் ஸ்விட்சைப் போட்டு, ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான். எதுவுமே மாட்டாமலும் விழுந்தால் நிலையான வயரிங்கில் பிரச்சினை, பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவரிடம் கீழே எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். காற்றுத் துளைகளின் உள்பக்கம் நெருக்கமான இரும்பு வலை அடித்துவிடுங்கள்.

## ‘உங்கள் சேஸிஸ் துருப்பிடித்துவிட்டது’ என்று ஒருவர் கதவைத் தட்டுகிறார்

இதையும் ஒரு கோளாறாகவே சேர்க்கிறேன், ஏனென்றால் பார்க் ஹோம்காரர்கள் இழக்கும் பெரும்பணத்தில் கொஞ்சம் இப்படிப் போகிறது. இலவசப் பரிசோதனை என்று வருவார், கீழே போவார், கைபேசியில் துருப்பிடித்த இரும்பின் படத்தோடு வருவார். அது உங்கள் வீட்டின் படம்தானா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. சேஸிஸுக்குத் தாங்கு சட்டம், தரைக்கடியில் காப்பு என்று ஆயிரக்கணக்கான பவுண்டுக்கு, இன்று கையெழுத்திட்டால் பாதி விலை என்பார்.

துரு இருக்கத்தான் செய்யும். கேள்வி, எவ்வளவு ஆழம் என்பதுதான். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டுங்கள். பொடியாக உதிர்ந்து அடியில் கெட்டி இரும்பு தெரிந்தால், கம்பி பிரஷால் தேய்த்து, துருத் தடுப்பு ப்ரைமரும் பிட்டுமன் பெயின்ட்டும் அடித்தால் தீர்ந்தது. அடை அடையாக உரிந்து வந்தாலோ ஓட்டை தெரிந்தாலோதான் கவலைப்பட வேண்டும். அப்போதும் விற்க வந்தவரிடம் கேட்காமல், எதையும் விற்காத ஒரு சர்வேயரிடம் காசு கொடுத்து அறிக்கை வாங்குங்கள்.

ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டீர்களா? வீட்டில் வைத்துப் போட்ட சேவை ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமை 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் இருக்கிறது. அந்த நாட்களுக்குள்ளேயே வேலையைத் தொடங்க உங்களிடம் தனியாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அதைப் போட்டுவிட்டால் ரத்து செய்தாலும் முடித்த அளவு வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் அந்தத் தாளில் மட்டும் கையெழுத்திடாதீர்கள், ரத்துக் கடிதத்தை மின்னஞ்சலிலும் தபாலிலும் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள்.